இரண்டாவது ஆள்

"விலகுங்க, எல்லாரும் விலகுங்க!"

கட்டிலைச் சுற்றி நின்றவர்களைத் தோளால் தள்ளிக்கொண்டு ஹமீது பீவி பாய்ந்தாள். புருஷன் ஹபீப் முகம்மதின் முகம் கருத்துக்கொண்டிருந்தது. இருமக்கூட வலுவில்லாத நெஞ்சு சின்னதாகத் துள்ளியது. தலையை ஒருபக்கமாகத் திருப்பி, சளி உறிஞ்சும் மிஷினின் சுவிட்சைத் தட்டிவிட்டு, மெல்லிய குழாயை அவர் தொண்டைக்குள் இறக்கினாள். கர்ரென்று ஏறி வந்தது சளியல்ல. தண்ணீர்.

மூச்சு திரும்பியது. உதடு வெளுத்து, பிறகு நிறம் வந்தது. குழாயை உருவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாரு தண்ணி குடுத்தது?"

தலைமாட்டில் அவருடைய அக்காள் நஃபீஸத் சின்ன பிளாஸ்டிக் போத்தலோடு நின்றாள்.

"ஜம்ஜம் தண்ணிட்டி. ரெண்டு சொட்டுதான். மக்காவுக்கு உம்ரா போனப்ப இவனுக்குன்னே கொண்டாந்தது."

"வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் மைனி?"

"இது சோறா, டீயா? ஜம்ஜம்."

"தொண்டைக்கு அது தெரியுமா?"

பாளையங்கோட்டையிலிருந்து வீடு வீடாக வந்து பார்க்கும் நர்ஸ் டார்லின், அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். குழாய்களை எப்படிக் கழுவி வைப்பது என்று ஹமீது பீவிக்கு அங்கேதான் காட்டிக்கொண்டிருந்தாள். ஹபீபின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். "வலது பக்கம் லேசா சத்தம் இருக்கு. காய்ச்சல் வருதான்னு பாக்கணும்க்கா" என்றாள்.

மேலப்பாளையத்தில் ஹபீபின் பரோட்டாக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. சவூதியில், தம்மாமில் ஒரு பேக்கரியில் உழைத்துவிட்டு வந்து போட்ட கடை. ஒருநாள் மாவை வீசும்போது விரலிலிருந்து நழுவிக் கல்லுக்கு வெளியே விழுந்தது. மறுநாளும் விழுந்தது. கண்ணூறு, திருஷ்டி என்றார்கள். கழுத்தெலும்பு தேய்மானம் என்று ஒரு டாக்டர் சொல்லி, ஆபரேஷனும் ஆனது. ஆபரேஷனுக்குப் பிறகு காலும் போனது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏ.எல்.எஸ். என்று மூன்று எழுத்தைச் சொன்னார்கள். கை, கால், நாக்கு, தொண்டை, முடிவில் மூச்சு என்று ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே போகும். அறிவு மட்டும் அப்படியே இருக்கும். மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். வீட்டில் எப்படிப் படுக்கவைப்பது, எப்படி ஊட்டுவது, யாரைக் கேட்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி வீட்டுக்கே வந்து உதவுகிறவர்கள் பத்து நிமிஷப் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை, அவர் பேச்சு அடியோடு நின்றபிறகு, ஹமீது பீவி மருந்துக்கடையில் யாரோ பேசியதைக் கேட்டுத்தான் அறிந்தாள். அந்த டாக்டர் முகம் இப்போதும் நினைவுக்கு வந்தால் கையில் இருக்கும் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

அதைவிடக் கோபம் வெள்ளிக்கிழமைகள் மேல். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சொந்தம் முழுக்க வரும். விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சையும் ரொட்டியும் கொண்டு வரும். காது நன்றாகக் கேட்கிறவர் முன்னால் நின்று செவிடனிடம் பேசுவதுபோலக் கத்தும். சுற்றி உட்கார்ந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு ஓதுகிற யாசீன் ஓதும். டீ குடித்துவிட்டுப் போகும். அன்றும் அப்படித்தான் வந்திருந்தது.

"ஒரு சொட்டு தண்ணிக்கு என்னா ஆட்டம் ஆடுதா பாரு" என்றாள் கதவோரம் நின்ற ஒருத்தி. "ஸப்ரு வேணும்ட்டி, பொறும வேணும்."

"ஸப்ரு எங்கிட்ட நெறைய இருக்கு. தூக்கந்தான் இல்ல." ஹமீது பீவி குழாயை வாளியில் எறிந்தாள். "மௌத்தாப் போறவுக வாயில ஊத்துற தண்ணிய இவுக வாயில ஊத்துதிய. கையப் பிடிச்சுக்கிட்டு, செஞ்ச தப்பெல்லாம் பொருந்திக்கிடுங்கன்னு அழுவுதிய. இவுகளுக்கு எல்லாம் கேக்குது. வாராவாரம் வந்து உசுரோட அடக்கம் பண்ணிட்டுப் போறிய. வயித்துல குழாய் இருக்கு. அதுல ஊத்துங்க. அந்தத் தண்ணியோட பரக்கத்து வழி தெரியாம நிக்கப் போவுதா?"

நஃபீஸத் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

டார்லின் பையத் தொண்டையைச் செருமினாள். "எல்லாரும் இருக்கும்போதே கேட்டுர்றேன். மூச்சு மிஷின் ஒண்ணு எங்ககிட்ட காலியா இருக்கு. இவுகளுக்கு அது இனி இல்லாம முடியாது. ஆனா வீட்டுல ரெண்டு பேருக்கு அத மாட்டத் தெரிஞ்சாத்தான் குடுப்பாங்க. அக்கா கத்துக்கிட்டாங்க. இன்னொரு ஆளு யாரு?"

"ஒத்தையில கெடந்து சாவுறவளுக்குத்தான் மிஷின் வேணும்" என்று ஹமீது பீவி அவள்மேலும் பாய்ந்தாள். "ரெண்டு ஆளு இருக்க வீட்டுக்கு எதுக்கு?"

"நீங்க ஒருநாள் மயங்கி விழுந்தீங்கன்னா, முகமூடி கழண்டா யாருக்கா மாட்டுவா?"

ஹமீது பீவி வாளியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

அறை மெல்லக் காலியானது. ஒருத்திக்கு மூட்டு வலி. ஒருத்திக்கு மருமகள் பிரசவம். "நான் துஆ செய்யுதேன்" என்றாள் இன்னொருத்தி, செருப்பை மாட்டிக்கொண்டே. மகன் சுஹைல் தம்மாமிலிருந்து ஃபோனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வந்துரவா உம்மா?" என்றான். வந்தால் திரும்ப விசா கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். "நீ வைலே ஃபோன" என்றாள்.

மிஞ்சியது நஃபீஸத். வீடு இரண்டு தெரு தள்ளி. பேரப்பிள்ளைகளெல்லாம் வளர்ந்தாயிற்று.

ஹமீது பீவி புருஷனின் முகத்துக்கு நேரே குனிந்தாள். ஆமென்றால் கண்ணை மேலே தூக்குவார். இல்லையென்றால் மூடுவார்.

"ஏங்க, யாசீன் ஓதணுமா?"

மூடினார்.

"மிஷின் வேணுமா?"

மேலே தூக்கினார். இறக்கவேயில்லை.

"அப்ப ரெண்டாவது ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க."

கண் மெதுவாக நகர்ந்தது. ஜன்னலைத் தாண்டி, டார்லினைத் தாண்டி, அக்காள் முகத்தில் போய் நின்றது.

"என்னையா பாக்கான்?" நஃபீஸத் பின்வாங்கினாள். "எனக்குச் சளியக் கண்டாலே கொமட்டும்."

"கொமட்டட்டும்" என்றாள் ஹமீது பீவி. "வாந்தி எடுத்துட்டு வந்து செய்யுங்க."

"நான் என்ன அவனக் கொல்லவா வந்தேன்? எந்தம்பிட்டி அவன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒங்க தம்பி."

நஃபீஸத் ஸலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். ஹமீது பீவி கூப்பிடவில்லை. நஃபீஸத் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து மற்ற நாற்காலிகள்மேல் ஓங்கிச் சொருகினாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஹபீபுக்குக் காய்ச்சல் வரவில்லை. பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்டு இல்லை. டார்லின் வரும்போது காலால் மிதிக்கும் உறிஞ்சியும் பழகுவதற்கு ஒரு முகமூடியும் கொண்டுவந்திருந்தாள். சற்றுப் பொறுத்து நஃபீஸத் வந்தாள். முதலில் கையுறையைக் கிழித்தாள். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். முகமூடி வாரில் தம்பியின் காது மடங்கியது. அவர் கண்ணை மூடினார். டார்லின் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னாள். மறுபடியும் சரியாக வரவில்லை. அதற்கடுத்தது பரவாயில்லை. டார்லின் ஆபீசுக்கு ஃபோன் செய்து இரண்டு பேரையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மிஷின் வரும் என்றார்கள். மதியம் லுஹர் தொழ நஃபீஸத் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் அஸர் முடிந்து திரும்பி வந்து, தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஹமீது பீவி பக்கத்து அறையில் பாயை விரித்துப் படுத்தாள்.