டின்னுக்குள் இருந்தது சாமை

மலைமேல் ஒரு சிறிய நர்சரி பள்ளியில் எல்கேஜி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் சில வருடங்கள் ஒரு செய்தித்தாளில் வேலை. அங்கே யார் எதைச் சொன்னாலும் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டாக வேண்டும். அதே கேள்வியை நான்கு வயதுக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தேன்.

ஒரு பழைய பிஸ்கட் டின். தினமும் அதற்குள் ஏதாவது ஒரு பொருளைப் போட்டு மூடிவிடுவேன். குழந்தைகள் தூக்கிப் பார்க்கலாம், குலுக்கலாம், முகரலாம், என்னிடம் கேள்வி கேட்கலாம். திறக்க மட்டும் கூடாது. உள்ளே இருப்பது இன்னதென்று சொன்னால், எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் வாய்க்கு வந்ததைக் கத்தினார்கள்.

“கோழி!”

“கோழின்னா கத்தாதாடா?” என்று ஒரு பையன் திருப்பிக் கேட்ட நாளில்தான் வகுப்பு உண்மையில் தொடங்கியது. அதன்பிறகு ஒரு சிறுமி, “பொதைச்சா முளைக்குமா மிஸ்?” என்று கேட்டாள். அந்த ஒரே கேள்வியில் கல், ஆணி, பொத்தான் எல்லாம் கழிந்துபோயின.

யூகேஜி ஆசிரியை என் தோழி. நாங்கள் இருவரும் ஒரே ஊரில் குடியிருந்தோம். அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போவேன். மறுநாள் டின்னில் எதைப் போடலாம் என்று வழியெல்லாம் பேசுவோம். பாதி யோசனைகள் அவருடையவை.

சில பெற்றோர் புகார் சொன்னார்கள். பிள்ளைக்கு இன்னும் அ, ஆ எழுத வரவில்லை, வீட்டுக்கு வந்தால் கேள்வி மட்டும் கேட்கிறது என்றார்கள். தாளாளர் என்னை அழைத்து, பெற்றோர் கூட்டத்தில் அந்த வகுப்பை நடத்திக் காட்டச் சொன்னார். சரியாக வந்தால் தொடரலாம். இல்லையென்றால் அந்த நேரம் எழுத்துக்கும் ரைம்ஸுக்கும் போய்விடும்.

கூட்டத்துக்கு முந்தைய மாலை, புளியங்கொட்டை போடுவதென்று நானும் தோழியும் முடிவு செய்தோம். வேறு யாருக்கும் தெரியாது. காலையில் வீட்டில் டின்னைக் குலுக்கிப் பார்த்தேன். அது புளி உடைக்கும் காலம். எல்லா வீட்டிலும் அந்தச் சத்தம்தான். மிகவும் சுலபம் என்று தோன்றவே, கொட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு கைப்பிடி சாமை போட்டேன். வண்டியில் வேறு பேச்சு வந்ததில் அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

பெற்றோர் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். தாளாளர் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். டின்னை மேசைமேல் வைத்தேன்.

“உள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?”

“புளியங்கொட்டை!” வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

பெற்றோர் கைதட்டினார்கள். யாரும் டின்னைத் தொடக்கூட இல்லை. நான் தோழியைப் பார்த்தேன். அவர் பெற்றோர் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

‘பொதைச்சா முளைக்குமா’ என்று கேட்ட சிறுமி மட்டும் எழுந்து வந்து டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.

“மிஸ், மழை தூறுற மாதிரி கேக்குது. கொட்டை இல்ல.”

“ஏய், கம்முனு வந்து குந்து” என்றார் பின்னாலிருந்து அவள் அம்மா.

தாளாளர் தானே மூடியைத் திறந்தார். சாமை. விரலால் கிளறிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? எல்லாரும் புளியங்கொட்டைன்னாங்களே?”

நான் பதில் சொல்வதற்குள் தோழி சொன்னார்: “மிஸ் எப்பவும் புளியங்கொட்டைதான் சார் வெப்பாங்க. அந்தப் பழக்கத்துல சொல்லுதுங்க.”

தாளாளர் சிரித்தார். “அப்போ இதுவும் மனப்பாடந்தானா? அதுக்கு ஏபிசிடியே மனப்பாடம் பண்ணட்டுமே.”

பெற்றோரும் சிரித்தார்கள். விஷயம் முடிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அந்தச் சிறுமி என் புடவையை இழுத்தாள். “யூகேஜி மிஸ் காலைல வந்து புளியங்கொட்டைன்னு கத்தச் சொன்னாங்க. நீங்க ஏன் மாத்துனீங்க?” அவள் கோபம் முழுவதும் என்மேல்தான். நான் அவர்களை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது தோழி கேட்டார்.

“இன்னா மிஸ், ஒண்ணுமே பேச மாட்டேன்றீங்க?”

“பசங்ககிட்ட சொன்னீங்களா?”

“அதுங்க முழிச்சா உங்களுக்குத்தானே அசிங்கம்? உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“சார்கிட்ட சொன்னது?”

அடுத்த வளைவு வந்தது. ஹாரன் அடித்துத் திரும்பினார்.

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சா என்னை வெச்சிருப்பாரா மிஸ்? எனக்கும் வேலை வேணும் இல்ல.”

வேலை வேண்டும் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குக் கூசியது.

அடுத்த வேலை நாளில் அவர் என் வீட்டு முன் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம்தான். அன்று காலைப் பஸ்ஸும் தாமதமாகத்தான் வந்தது. நான் வகுப்புக்குள் நுழைந்தபோது தோழி என் பிள்ளைகளுக்கு ரைம்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போனார்.

நான் கரும்பலகையில் ‘அ’ எழுதினேன்.

“மிஸ், டின்னு?” என்றாள் அந்தச் சிறுமி.

“இனிமே இல்லம்மா.”

ஏன் என்று கேட்பாள் என்று நின்றேன். அவள் சிலேட்டை மடிமேல் வைத்து எழுதத் தொடங்கினாள்.