மாபின் போகாத மாபின் பயணம்

இரங்கூனிலிருந்து மாபினுக்குப் படகில் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாபினை மட்டும் நான் பார்க்கவில்லை.

என் தங்கை காமாட்சி அங்கே இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன், கோ பா தின் என்ற பர்மிய வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் கையில் பொரியிடுவது அண்ணன் முறை. "பொரியிட ஆளில்லாமலே நடக்கட்டும்" என்று கடிதம் எழுதிவிட்டு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்ற மாசியில் அவளிடமிருந்து நாலு வரி வந்தது. வீட்டுக்காரருக்கு வடக்கே கத்தாவுக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். திங்கட்கிழமை காலையில் புறப்படுகிறார்களாம். வரச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு தூரம் போய்விட்டால் இனி அவளை எப்போது பார்ப்பது? ஞாயிறு வருவதாகப் பதில் போட்டேன்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அஷ்டமி. அஷ்டமியில ஆராச்சும் பொறப்படுவாகளா?" என்றாள் மனைவி. நான் இன்சீன் ரயில் பட்டறையில் பிட்டர். மணி பார்த்துப் பிழைக்கிறவன். பஞ்சாங்கத்தை மூடி வை என்றேன்.

இன்சீனில் விடியற்காலை ஐந்தே காலுக்கு ரயில். ஸ்ட்ராண்ட் ரோட்டுத் துறையில் ஏழு மணிக்கு லாஞ்சு. மாபின் சுமார் நாற்பது மைல். மேல்தட்டுக் கட்டணம் ஒரு ரூபாய் நாலணா. பகல் ஒரு மணிக்குச் சேர்ந்து மூன்று மணி லாஞ்சில் திரும்பலாம் என்பது என் கணக்கு. சனிக்கிழமை இரட்டை ஷிப்டு பார்த்த உடம்பு. முன்பக்கம் விரித்திருந்த பாயில் சாய்ந்தேன். ஒரு பர்மிய அம்மாள் சத்தம் போட்டு எழுப்பினாள். அந்தப் பாய் பொங்கிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, உரியதாம். நீங்களாவது அங்கே உட்காராதீர்கள்.

ஆற்றைத் தாண்டிக் கால்வாய்க்குள் நுழைந்த பிறகு பார்க்க ஒன்றுமில்லை. இரு பக்கமும் சேறு, அறுத்த வயல், நடுநடுவே பானை ஏற்றிய சம்பான் படகுகள். ஒன்பதரைக்குத் துவாந்தே. அங்கே அரையணாவுக்குப் பொரி வாங்கினேன். அவளிடம் என்ன பேசுவது என்று யோசித்தபடியே பாதிக்கு மேல் தின்றுவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு லாஞ்சு நின்றது. லாஞ்சை ஓட்டும் சிட்டகாங்குக்காரரான சாரங்கு கீழே இறங்கி வந்து இந்துஸ்தானியில் விளக்கினார். இன்று எட்டாம் பிறை. எட்டாம் பிறையன்று கடலிலிருந்து வெள்ளம் முழுதாக ஏறாது. முன்னே மணல்மேடு இருக்கிறது, தாண்ட முடியாது. மாபின் லாஞ்சு மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். ஜனங்கள் கரையோரம் அரை மைல் நடந்து லாஞ்சு மாறிக்கொள்ள வேண்டும். இரண்டும் வந்த வழியே திரும்பிவிடும்.

மனைவி முகம் கண்முன் வந்தது. மாறி ஏறினால் இன்று திரும்ப லாஞ்சு இல்லை. திங்கள் காலை ஏழு மணிச் சங்குக்குப் பட்டறையில் இல்லாவிட்டால் வேலை போகும், வீட்டில் ஐந்து வயிறு. கரையில் இறங்கி ஒரு பனையடியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது என்று எழுத வெட்கப்படவில்லை.

பதினொன்றரை இருக்கும். எதிர்ப்பக்கத்துக் கூட்டம் சேற்றில் நடந்து வந்தது. நடுவில் பர்மிய லோஞ்சி கட்டி, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு காமாட்சி.

"அண்ணே, அஷ்டமியில மாபினுக்கு வரேன்னு எழுதுறியே, தண்ணி எப்படிண்ணே ஏறும்?"

"நீ எப்படித் தாயி இங்க?"

"நீ மேட்டோட நின்னுருவேன்னு தெரியும். அதான் நான் வந்துட்டேன். மூட்டை கட்டுறதை அவுக பாத்துக்குவாக."

 "தப்பு என்னோடதுதான்" என்றேன். அவள் என் கைப்பொட்டலத்தையே பார்த்தாள்.

"என்னண்ணே அது?"

"பொரி."

குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு எதிரே சேற்றில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"போடு."

பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு லாஞ்சும் ஊதின. அவள் அந்தப் பக்கம் நடந்தாள், நான் இந்தப் பக்கம். இரங்கூன் வந்து சேரும்போது மணி ஐந்து. முழங்கால் வரை காய்ந்த சேறு, தூக்கம் தூக்கமாக வந்தது.

போகிறவர்களுக்கு: பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் போங்கள், தண்ணீர் நன்றாக ஏறும். செருப்பைக் கையில் பிடிக்கத் தயாராக இருங்கள். துவாந்தேயில் பொரி நன்றாக இருக்கிறது. வாங்கும்போது கூடுதலாகவே வாங்குங்கள். மூன்று முறை இடவேண்டும்; எனக்கு மூன்றாம் முறைக்குப் பற்றவில்லை.