இதில் மூத்த கன்று எது?

1. வாய்க்குப் பூட்டு

புதுச்சேரி சேதராப்பட்டில் இருக்கும் திசு வளர்ப்பு லேப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் வாய் நிறைய வணக்கம் சொன்னேன். பதிலே வரவில்லை. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க் என்று வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தியாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! சூப்பர்வைசர் லூர்து அக்கா வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார்.

"பேரு என்னா?"

"மும்தாஜ்க்கா. முத்தியால்பேட்டைலேர்ந்து வரேன். எங்க வூடு மார்க்கெட்டுக்குப் பின்னால..."

"வூட்டுக் கதையெல்லாம் டீ டைம்ல வெச்சிக்க. உள்ள பேசக் கூடாது, தும்மக் கூடாது, பாட்டு முணுமுணுக்கக் கூடாது. நீ வாயத் தொறந்தா எச்சில் தெறிக்கும். அதுல இருக்கிற கிருமி பாட்டில்ல பூந்துச்சின்னா நம்ம செடிய அது தின்னுடும். புரிஞ்சிதா?"

புரிந்தது. எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், நாலு பேர் பேசுவதும் நாலு பேருக்கும் கேட்கும். அப்படி வளர்ந்தவளை எட்டு மணி நேரம் வாயை மூடு என்றால்? என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி, "நீ ஒரு மாசம் அங்க தாக்குப் பிடிச்சேன்னா நான் மீசைய எடுத்துடறேன்" என்று சவால் விட்டார். இன்று நானே அந்த ரூமுக்கு சூப்பர்வைசர். மீசை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆண்களின் சவாலை நம்பி எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதை இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறேன்.

2. வாழைக்கு எதற்கு லேப்?

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்பது இதைத்தான். "வாழ தானா கன்னு போடுமே, அதுக்கு ஏசி ரூம் வேற கேக்குதா?" நியாயமான கேள்வி. விதை, மகரந்தம் என்று எந்தச் சடங்கும் இல்லாமல், கல்யாணமே செய்துகொள்ளாமல் குடும்பம் நடத்துகிற மரம் வாழை. பக்கக் கன்று தாயின் அச்சு அசல் நகல். நாங்கள் செய்வதும் அதே வேலைதான், கொஞ்சம் அவசரப்படுத்திச் செய்கிறோம்.

கன்றை உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெள்ளையாகச் சின்னக் குருத்து வரும். அதன் நுனியில் இருக்கும் செல்களுக்குப் பிரிந்துகொண்டே இருப்பதுதான் பிழைப்பு. அந்த நுனியை வெட்டி, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் ஹார்மோனும் போட்டு ஜெல்லி மாதிரி காய்ச்சிய மீடியத்தில் நட்டு, பாட்டிலை மூடி வைத்தால் பக்கத்தில் மொட்டுகள் முளைக்கும். அவற்றைப் பிரித்து வேறு வேறு பாட்டிலில் வைப்போம். அதற்கு சப்கல்ச்சர் என்று பெயர். ஒன்று நாலாகும், நாலு பதினாறாகும். பாட்டிலுக்குள் ஒரு பூஞ்சை விழுந்தால் அதுவும் இதே வேகத்தில் பெருகும். எங்கள் பயமெல்லாம் அதுதான்.

செல் பிரிவதை எனக்குச் சொல்லிக் கொடுக்க லூர்து அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"வூட்ட பாகம் பிரிச்சா ஆளுக்குப் பாதி. செல்லு பிரிஞ்சா ஆளுக்கு முழுசு. அது பிரியறதுக்கு முந்தியே உள்ள இருக்கிற குரோமோசோம் எல்லாத்தையும் ஒண்ணுக்கு ரெண்டா எடுத்து வெச்சிக்கும். அப்பறந்தான் நடுவுல சொவுரு எழுப்பும். மனுசன் மொதல்ல சொவுத்த எழுப்பிட்டு அப்பறம் யோசிப்பான்."

3. சைகோன் வாழை

ஒரு ஐப்பசி மழையில் சவரிராயன் முசே எங்கள் லேப் வாசலில் வந்து இறங்கினார். பிரெஞ்சுக்காரர்களின் 'மிஸ்யே' எங்கள் ஊர் வாயில் 'முசே' ஆகிவிட்டது, ஐயா என்கிற மாதிரி. மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், தவளக்குப்பம் பக்கம் வீடு. கையில் அரிசிப் பை, அதற்குள் ஒரு வாழைக் கன்று. எங்கள் டைரக்டர் சார் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும் ஆட்களோடு மட்டும் பேசுபவர். "ஒத்தக் கன்னுக்கெல்லாம் நாங்க பண்றதில்ல பெரியவரே" என்று கையை விரித்துவிட்டார். முசே நாற்காலியில் உட்கார்ந்தார். மதியம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் லூர்து அக்காதான் போய் என்ன ஏது என்று விசாரித்தார், நானும் கூடப் போய் நின்றேன். டீ டைம், கதை கேட்கத் தடை இல்லை.

அவருடைய அப்பா வைத்த வாழை அது. பழம் சின்னது, தோல் மெல்லிசு, லேசான புளிப்போடு இனிக்கும். அந்த ரகத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை என்றார். வியட்நாமில் இருக்கும் சைகோனில் இருந்து கப்பலில் கொண்டு வந்தது என்று அப்பா சொல்வாராம். "எங்கப்பா கடலூரத் தாண்டிப் போனதே கெடையாதுன்னு என் தம்பி சொல்லுவான். அவன் பேச்ச வுடுங்க" என்றார். தம்பி பெயர் அந்தோணி. வீட்டைப் பாகம் பிரித்தபோது கொல்லையின் நடுவே சுவர் எழும்பியது, தாயும் கன்றுகளுமாக நின்ற வாழைக் குத்து அண்ணன் பக்கம் விழுந்தது. தம்பி ஒரே ஒரு கன்று கேட்டார். மூத்தவன் பங்கு என்று சொல்லி இவர் தரவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இப்போது அந்தக் குத்தில் முடிக்கொத்து நோய். இலை சிறுத்து, உச்சியில் விறைத்துக் கொத்தாக நிற்கும். குலை தள்ளாது. அது வைரஸ், அசுவினிப் பூச்சி கொண்டு வருவது. அச்சு அசல் நகல் என்றேனே, அதில் இருக்கும் வில்லங்கம் இதுதான்: தாய்க்கு இருக்கும் நோய் கன்றுக்கும் போய்விடும், சொத்தோடு கடனும் சேர்ந்து வருகிற மாதிரி. முசே கன்றுகளைப் பிரித்து நாலு மூலையிலும் நட்டுப் பார்த்திருக்கிறார். நாலும் அதேபோல் கொத்தாக விறைத்துக்கொண்டன. வேளாண் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, மொத்தத்தையும் வேரோடு எடுத்து அழிக்கச் சொல்லிவிட்டார்.

"மரம் போனா போவுதும்மா. என் கையில இருந்து செத்துதுன்னு அவன் சொல்லக் கூடாது. சொவுத்துக்கு அந்தாண்ட நின்னுகினு பாத்துகினே இருக்கான்."

எனக்குப் பாவமாக இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

குருத்தின் நுனியில் கொஞ்சூண்டு இடத்துக்குச் சில நேரம் வைரஸ் போய்ச் சேர்ந்திருக்காது. அதை மட்டும் எடுத்தால் சுத்தமான செடி கிடைக்க வாய்ப்பு உண்டு. அக்கா சாரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினாரோ, சார் தலையாட்டிவிட்டார்.

4. கொஞ்சம் காத்து

முசே கொண்டு வந்த கன்றிலும், அவர் வீட்டுக் குத்தைப் பிடுங்கி அழிக்கும் முன்பு நாங்கள் போய் எடுத்து வந்த கன்றுகளிலும் நுனி எடுத்து வைத்தோம். கொல்லை மண்ணில் கிருமிக்குப் பஞ்சமில்லை. பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பூஞ்சை பிடித்துப் போயின. கடைசியில் ஒரே ஒரு பாட்டில் மிஞ்சியது. அதற்குள் பச்சையாக, விரல் நகம் அளவுக்கு ஒன்று நின்றது. உலகத்தில் சைகோன் வாழை என்று மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

வாரா வாரம் முசே பஸ் ஏறி வந்துவிடுவார். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவார். தொந்தரவு தாங்காமல் ஒரு நாள் சார் அவரை குரோத் ரூமுக்குள்ளேயே விட்டுவிட்டார். ரேக் ரேக்காக டியூப்லைட் வெளிச்சத்தில் பாட்டில்கள் இருக்கும் ரூம் அது. லூர்து அக்கா ஏசியைப் பார்க்க அந்தக் கோடிக்குப் போனார், நான் கதவருகே டிரே அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அக்காவிடம் முசே முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்:

"பாவம்மா, இறுக்க மூடி வெச்சிருக்கீங்களே, மூச்சு முட்டாது? கொஞ்சம் தொறந்து காத்து காட்டினேன். லேசா ஊதி வேற வுட்டேன்."

அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் கேட்டிராத சத்தத்தில் லூர்து அக்கா அலறினார். "மொன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். மாதா பெயரையும் சேசுவின் பெயரையும் சொன்னார். அவர் சொன்ன இன்னும் சிலதை இங்கே எழுத முடியாது. எங்களுக்கு வாய்ப்பூட்டு போட்ட அம்மணி அவர்! நாங்கள் வெட்டி நடும் இனாகுலேஷன் ரூமில் இருந்து எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆசையாக வளர்த்த ஒன்றை ஆசையாலேயே கெடுத்துவிட்டு, என்ன செய்தோம் என்று தெரியாமல் நின்ற அந்த மனுஷரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

பூஞ்சை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை காத்திருந்தால் கதை முடிந்தது. அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"முசே, இத இப்பவே வெளித்தோல் உரிச்சி, மருந்துல முக்கி, துண்டு போடணும். ஒவ்வொரு துண்டும் தனித்தனி பாட்டில்ல."

முசே அவர் கையைப் பிடிக்காத குறையாகக் குறுக்கே நின்றார். "ஐயோ, வெட்டாதீங்கம்மா! இருக்கிறதே ஒண்ணுதான்!"

"ஒண்ணா இருக்கிறதுதான் முசே ரோதன. ஒண்ணாவே இருந்தா கிருமி ஒரு தரம் வந்தா போதும், எல்லாம் போச்சி. பிரிச்சி வெச்சா எதுனா ஒண்ணு பொழச்சிக்கும். நீங்க சரின்னு சொன்னாத்தான் கத்திய எடுப்பேன்."

முசே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு லேமினாருக்குப் போனார். சுத்தமான காற்று வீசும் அந்த மேஜையில், தீயில் காட்டிய கத்தியால் அந்தச் சின்னப் பச்சையை நாலாகப் பிளந்தார். பக்கத்தில் நின்ற நான் மூச்சு கூட விடவில்லை.

இரண்டு துண்டுகள் பூஞ்சை பிடித்தன. இரண்டு பிழைத்தன. வெட்டியதே நல்லதாயிற்று. உச்சி நுனி முழுசாக இருக்கும்வரை பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. அதைப் பிளந்ததும் இத்தனை நாள் அடங்கிக் கிடந்ததெல்லாம் முளைத்துக்கொண்டு வந்தன. இரண்டு துண்டில் இருந்து வந்தவற்றையும் வைரஸ் டெஸ்டுக்கு அனுப்பினோம். ஒன்றின் வாரிசுகளுக்கு நோய் இருந்தது. அவற்றை ஆட்டோகிளேவ் என்னும் எங்கள் பெரிய குக்கரில் வேகவைத்துக் கொட்டினோம். இன்னொன்று சுத்தம் என்று ரிசல்ட் வந்தது. லூர்து அக்கா அன்று எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

5. மூத்தவர் கேட்ட கேள்வி

கோடை முடிவதற்குள் ஷேட் நெட் என்னும் நிழல் வலைக்குக் கீழே பாலிதீன் பைகளில் சைகோன் வாழை முழங்கால் உயரத்துக்கு வரிசையாக நின்றது. முசே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக இலையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ரகசியம் போலக் கேட்டார்.

"இதுல மூத்தது எதும்மா? அத மட்டும் எனக்குத் தனியா எடுத்து வெச்சிடு."

"மூத்ததுன்னு எதுவும் இல்லீங்களே முசே."

"அதெப்படி? அந்த மொதோ பாட்டில்ல இருந்தது?"

"அதத்தான் அக்கா பிரிச்சாங்களே. ஒண்ணு ரெண்டாச்சின்னா, இது பழசு அது புதுசுன்னு எத சொல்றது? ரெண்டுமே அதுதான். இங்க நிக்கிற ஒவ்வொண்ணும் உங்கப்பா வெச்ச வாழதான். முழுசா."

அவர் வரிசையை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனோ என்று என் முகத்தையும் பார்த்தார். கொஞ்சம் கிண்டல் இருந்தது உண்மைதான், ஆனால் சொன்னதில் பொய் இல்லை. ஆட்டோ பிடித்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். முசேயின் அதே மூக்கு, அதே சிடுசிடுப்பு, தலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக முடி. தம்பி அந்தோணி என்று சொல்லாமலே தெரிந்தது.

"கொல்ல சொவுத்து மேல ஏழெட்டு வாழக் கன்னு வரிசையா வெச்சிருந்துச்சி. அவருதான் வெச்சிருக்காரு. ஒரு வார்த்த சொல்லல. பையில உங்க லேப்பு பேரு போட்டிருந்துச்சி, அதான் வந்தேன். குழி எவ்ளோ ஆழம் எடுக்கணும், எப்பிடி நடணும்னு சொன்னீங்கன்னா போயிடுவேன்."

நடும் முறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். சொல்ல வாயெடுத்தேன். லூர்து அக்கா முந்திக்கொண்டார்.

"எங்களுக்குப் பாட்டில்ல வளக்கத்தான் தெரியும் தம்பி. மண்ணுல நடறது எங்களுக்கு எங்க தெரியும்? உங்க அண்ணன் அம்பது வருசமா வாழ வெச்சவரு. அவர கேளுங்க."

அந்தோணி ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினார். "வேற ஆளு யாரும் இல்லியா?" என்று கேட்டார். "இல்ல" என்றார் அக்கா. அந்தோணி வண்டியைத் திருப்பிக்கொண்டு தவளக்குப்பம் பக்கமே போனார்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கன்று வாங்க வருகிறவர்களுக்கு நடும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், அது நம் வேலை. ஆனால் கேட்கிறவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதுவும் நம் வேலைதான்.