தங்கச்சியின் கடலைக்கு விழாத பசளை

காலிதீனை இதை எழுதுபவன் முதன்முதல் கண்டது, விவசாயம் படித்துப் பட்டம் வாங்கி வந்து, சொறிக்கல்முனைப் பக்கத்து மேட்டுக் காணிகளைச் சுற்றிப் பார்த்த நாளில். "இந்த மண்ணில கடலை வருமா?" என்று இவன் கேட்டது காதில் விழுந்ததும், அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபக்கம் நடந்துவிட்டார்.

பக்கத்துக் காணிக் கனகரெத்தினம் சிரித்தார். "அவர்ட்டக் கடலையப் பத்திக் கதைக்காதீங்க தம்பி. வேற எதையும் கேளுங்க."

காரணம் பழையது. காலிதீன் கல்முனையில் பேர்போன நெற்செய்கைக்காரர். தங்கச்சி ஸுஹைறாவின் புருஷனைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு நோன்புக்கு நோன்பு அவர் விளைச்சலில் ஏழைகளுக்கென்று கடமையாகக் கொடுக்கும் ஸக்காத் நெல் அவள் வாசலில் இறங்கியது. மூட்டை இறங்கும்போது அவள் குசினி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

யுத்தம் முடிந்த வருஷம், தை மாதத்தில், ஒரு நிவாரண அமைப்பு கொண்டைக்கடலை விதையும், மணிச்சத்து உரமான ரி.எஸ்.பி. பசளை ஒரு மூட்டையும் கொடுத்தது. தங்கள் வாப்பாவின் மேட்டுக் காணியில் விதைக்கப்போவதாக ஸுஹைறா, காக்கா என்று அழைக்கும் அண்ணன் காலிதீனிடம் சொன்னாள்.

"விளைச்சல் ஸக்காத் கடமையாகிற அளவுக்கு வந்தா, இந்த நோன்புக்கு நான் குடுப்பன் காக்கா. வாங்கி வாங்கிக் கை கூசுது."

விதை இரண்டு வகை. சின்னக் கபில நிறக் கடலை வெயில் ஏறுமுன் முற்றிவிடும், அதையே போடுங்கள் என்றார் விதை கொடுத்தவர். பசளை வேருக்கும் காய்க்கும் வேண்டியது, விதைப்போடு மண்ணுக்குள் போகவேண்டும், பிறகு போட்டுப் பயனில்லை என்றும் சொன்னார். நெல்லை மணியின் பருமன் பார்த்தே மதித்துப் பழகிய காலிதீன், பெரிய வெள்ளைக் கடலையை உள்ளங்கையில் உருட்டினார்.

"இதப் போடு. சந்தையில கண்ணைப் பறிக்கும். கடலைக்கெல்லாம் பசளை என்னத்துக்கு? அது தானா வரும். மூட்டைய என்ட சிறுபோக நெல்லுக்கு எடுக்கன்."

"ஒனக்குத் தெரியும்தானே காக்கா" என்று மூட்டையை அவளே தூக்கி அவர் சைக்கிளில் வைத்தாள்.

செடி வெளிறியபோது காலிதீன் நெல் வயலுக்குப் போடுவதுபோல் யூரியா எறிந்தார். காணி பச்சையாகப் பொங்கியது. பச்சையைக் கண்டால் பயிர் செழிப்பு என்பது நெல்லுக்காரர் நம்பிக்கை. சின்னக் கடலையைப் பசளையோடு விதைத்த கனகரெத்தினத்தின் செடிகளோ குட்டையாக நின்று காயால் நிறைந்தன.

"காலிதீன், மாப்பிள்ளைக்கு உடம்பு நல்லா வச்சிருக்கு, புள்ளயத்தான் காணல்ல" என்றார் அவர் வேலிக்கு அப்பாலிருந்து.

சித்திரை வெயிலில் வெள்ளைக் கடலையின் பூ கருகிக் கொட்டியது. தேறியது வீட்டுச் சமையலுக்குத்தான் போதுமாக இருந்தது. ஸக்காத் அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. காலிதீனின் சிறுபோக நெல்லோ சொரிந்தது.

நோன்பு வந்தது. ஸக்காத்தை நெருங்கிய சொந்தத்தில் வசதியற்றவருக்கு முதலில் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். காலிதீன் மூட்டையைச் சுமந்துபோய்த் தங்கச்சி வாசலில் இறக்கினார். இந்த முறை அவள் குசினிக்குள் போகவில்லை.

"தங்கச்சி, இது ஒன்ட பசளையில விளைஞ்ச நெல்லு" என்றார், நிலத்தைப் பார்த்து.

"தெரியும் காக்கா. நான்தானே தூக்கித் தந்த."

அவர் அவளிடம் தண்ணீர் கேட்கவும் கூசித் திரும்பினார். நோன்பு பிடித்திருக்கிறார், கேட்டாலும் குடித்திருக்க முடியாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது காலிதீன் அதே வயலைச் செய்கிறார். மேட்டுக் காணியைக் கனகரெத்தினம் குத்தகைக்கு எடுத்துச் சின்னக் கடலை போடுகிறார். ஸுஹைறா சாய்ந்தமருதில் மகளோடு இருக்கிறாள். நோன்புக்கு நெல் இன்னும் காக்கா வீட்டிலிருந்துதான் போகிறது.