எந்தக் கால் முதலில் வழுக்கியது

‘காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்’ என்று யாராவது எழுதினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மரக்காணத்தில் வெயில் கையை நீட்டாது, அறையும். உப்புப் பாத்தியில் பட்டுத் திரும்பி, கீழேயிருந்தும் அறையும். அதைத் தினமும் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், நோட்ஸ் புத்தகத்துப் பொற்கரங்களை மனப்பாடம் செய்து எழுதினால் கத்தாமல் என்ன செய்வது? நான் கத்துகிற தமிழ் டீச்சர்தான். பக்கத்து வகுப்பு கணக்கு சார் ஜன்னலை மூடிக்கொள்வார்.

போன வருஷம் பிளஸ் ஒன் பெண்களுக்கு ஒரு சட்டம் போட்டேன். வர்ணனை எழுதுவதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும், நான் குறுக்குக் கேள்வி கேட்பேன். ‘நாய் நொண்டியது’ என்றால் எந்தக் காலை என்று கேட்பேன். ‘மீன் துடித்தது’ என்றால் வாய் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று கேட்பேன். பார்த்தவளுக்குப் பதில் தெரியும், பார்க்காதவள் மாட்டிக்கொள்வாள். போலீஸ் ஏட்டு மாதிரி விசாரிப்பதால் பிள்ளைகள் எனக்கு ‘ஏட்டம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அன்றைக்குத் தலைப்பு, நேற்று வீட்டில் நடந்த ஒன்று. ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பாத்தியில் உப்பு வாருகிறவர்கள்.

“எங்கம்மா பாத்தியில வழுக்கி வுழுந்துட்டாங்க மிஸ். தோள்ல அடி.”

இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் அது. கன்னம் வீங்கினாலும் முன்பல் போனாலும் பெண்கள் பாத்தியில் வழுக்கித்தான் விழுவார்கள். ஆண்கள் அவ்வளவாக வழுக்குவதில்லை. கேட்கிறவர்கள் ‘பாத்துப் போகக் கூடாதா’ என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் வகுப்புப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

“எந்தக் கால் முதல்ல வழுக்குச்சு?”

“வலது கால் மிஸ்.”

“அப்ப கையை ஊனியிருப்பாங்களே. உள்ளங்கையை உப்பு கிழிச்சிருக்குமே?”

“இல்ல மிஸ். கை நல்லாத்தான் இருக்குது.”

“அப்புறம் தோள்ல எப்படி அடி?”

அவள் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே வரிசையாகச் சொன்னாள்.

“அம்மா வழுக்கல மிஸ். அப்பா உப்பு வாருற பலகையைத் திருப்பிப் புடிச்சி, கைப்பிடிக் கட்டையால அடிச்சாரு. முதல் அடி சோத்துக் குண்டான்ல பட்டுச்சு. சோறு கொட்டிடுச்சு. ரெண்டாவது தோள்ல. காய்ஞ்ச பனமட்டையை முறிக்கிற சத்தம். அம்மா கத்தல. ஒரு கையால சோத்தை அள்ளுனாங்க. அப்பா அந்தச் சோத்து மேலயே ஏறி மிதிச்சாரு.”

என் வகுப்பில் யாரும் அவ்வளவு நன்றாக வர்ணித்ததில்லை. இடைவேளையில் தலைமையாசிரியையிடம் சொன்னேன். “வீட்டு விஷயம் டீச்சர், விடுங்க” என்றார். ஒரு வகுப்பு கேட்ட கதை ஊருக்குள் போகாமல் இருக்குமா?

மறுநாள் காலை பள்ளிக் கேட்டில் அவளுடைய அப்பா நின்றார். அவள் உள்ளே நுழையும்போது பின்னலைப் பிடித்து இழுத்தார்.

“ஊருக்கே சொல்றியாடி?”

அவள் முகம் கேட் தூணில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் வெள்ளைத் துப்பட்டாவில் கொட்டியது. நான் நடுவில் புகுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மறு கையால் என் முகத்தில் குத்தினார். கண்ணாடி உடைந்தது, கண்ணுக்குக் கீழே சதை பிளந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. கையிலிருந்த குடையால் அவர் முழங்காலில் ஓங்கி அடித்தேன். மடங்கி உட்கார்ந்த பிறகும் அடித்தேன். அது தேவையில்லைதான், ஆனால் கை நிற்கவில்லை. கணக்கு சாரும் வாட்ச்மேனும் வந்து அவரை அமுக்கிப் பிடித்தார்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். தலைமையாசிரியை தன் அறையில் என் முன்னால் வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

“கேஸு கீஸுன்னு போனா ஸ்கூல் பேரு கெட்டுடும் டீச்சர். மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க. அந்த ஆளு இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டான்.”

அந்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குத் தனியாக ஸ்கூட்டியில் போகிறவள் நான். ஆனால் நான் வழுக்கி விழுந்தேன் என்று எழுதினால், சாயங்காலம் அவள் அந்த ஆளோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பேனா மூடியைக் கழற்றினேன். ‘நான்’ என்று எழுதிவிட்டு நின்றேன்.

மூலையில் கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டு நின்றவள் அதை எடுத்தாள்.

“எந்தக் கால் மிஸ் முதல்ல வழுக்குச்சு?”

கிண்டல் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே என் பதில் தெரிய வேண்டியிருந்தது. வெட்கத்தில் என் முகம் எரிந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஏட்டிடம் திரும்பினேன்.

“எழுதிக்குங்க சார். நான் வழுக்கல. அவரு வலது கையை மடக்கிக் குத்துனாரு. மோதிரம் போட்ட விரல் முதல்ல பட்டுச்சு.”

தலைமையாசிரியை “டீச்சர்!” என்றார். ஏட்டு எழுத ஆரம்பித்தார். அவள் மேஜையருகே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“மிஸ்ஸோடது முடிஞ்சதும் சொல்லுங்க சார்” என்றாள். “எங்கம்மாவோடது நான் சொல்றேன்.”