வெட்டின பிறகு வந்த காக்பிட்

போர்ட் பிளேர்ல ஒரு ஷீல்டு, மொமெண்டோ கடையில இருபத்திரண்டு வருஷம் மாடல் செஞ்சேன். மாற்றலாகி மெயின்லேண்ட் போற அதிகாரிங்களுக்குப் பிரிவுபசாரத்துல கொடுக்கிற கப்பல், ஹெலிகாப்டர், ஜெட் எல்லாம் என் கையால ஒட்டினதுதான். இப்ப வேலையை விட்டாச்சு. புதுசா மாடல் பண்ற பிள்ளைங்க போன் போட்டு, "ஸ்டெல்லாக்கா, கிட் பெட்டியோட வர்ற பார்ட் போதுமா, தனியா விக்கிற ஆஃப்டர்மார்க்கெட் பார்ட் வாங்கணுமா?"ன்னு கேக்கிறப்ப எல்லாம் எனக்கு ஒரு மிக் இருபத்தொண்ணு ஜெட் மாடல் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் எரியும். இனி ஒவ்வொருத்தருக்கா சொல்ல முடியாது. ஒரே தடவையா எழுதிடறேன்.

1. ஆர்டர்

டெலானிபூர் குவார்ட்டர்ஸ்ல இருந்து ரெஜினான்னு ஒரு பொண்ணு வந்தா. ஆபீஸ் கிளார்க். அவ அப்பா தேவசகாயம், தூத்துக்குடிக்காரர், விமானப்படையில மிக் இருபத்தொண்ணுக்கு ஃபிட்டரா இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகு மகளோட இங்க வந்துட்டார். கண் பிரஷர் வந்து ரெண்டு கண்ணும் போயிடுச்சு.

"கண்ணு போனதுல இருந்து கட்டிலை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. சாப்பாடும் கட்டில்லதான்"ன்னா. "அவரு வேலை பார்த்த ஜெட்டு மாதிரி ஒண்ணு கையில கொடுத்தா, தொட்டுப் பார்த்துட்டாவது ஏதாவது பேசுவாரான்னு பார்க்கிறேன். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை அவரு பிறந்தநாள் வருதுக்கா."

தொட்டுப் பார்க்கிறதுக்கு. அவ தெளிவாத்தான் சொன்னா. நானும் கேட்டேன், என் முதலாளி குணசேகரும் கேட்டார்.

கடையில ஒரு மிக் இருபத்தொண்ணு கிட் பெட்டி இருந்துச்சு. மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரு முழம். பிளாஸ்டிக் பார்ட்டெல்லாம் தடிமனா, உறுதியா இருக்கும். கேனபின்னு சொல்ற கண்ணாடி மூடியைத் திறந்து மூடுற மாதிரி கீலே கிட்லயே வந்திருந்துச்சு. "சார், இதை அப்படியே ஒட்டிடலாம். கண்ணு தெரியாதவருக்கு இதுதான் சரி"ன்னேன்.

"அரே, கிட் பார்ட்டை அப்படியே ஒட்டிக் கொடுத்தா நம்மள பொம்மைக்கடைன்னு சொல்லுவாங்கம்மா. டாப்பா பண்ணுவோம். ரெசின் காக்பிட், பித்தளை பிட்டோ, பித்தளைத் தகடு, சக்கரத்துக்கு மெட்டல் கால், எல்லாம் மெயின்லேண்ட்ல இருந்து போட்டுடறேன். போட்டோ எடுத்து நெட்ல போட்டா பத்து ஆர்டர் வரும். டென்ஷன் மத் லோ, கவலையே படாதீங்க"ன்னார்.

போட்டோ! பார்க்க முடியாத மனுஷனுக்குச் செய்ற பொருளுக்கு இந்த ஆளுக்குப் போட்டோ வேணும். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. ஆனாலும் வாயை மூடிக்கிட்டேன். சம்பளம் கொடுக்கிறவர்னு ஒரு பயம்.

2. வெட்டு

தீவுல வேலை செய்றவங்களுக்குன்னு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பார்சல் சென்னையை விட்டுக் கிளம்பிடுச்சுன்னு போன்ல காட்டினா போதும், வந்து சேர்ந்துட்டதாவே நினைச்சு வேலையை ஆரம்பிச்சுடுவோம். கப்பலும் ஃப்ளைட்டும் எப்ப வரும், எப்ப வராதுன்னு நம்ம கையில இல்ல. அதனால கிடைக்கிற நாளை வீணாக்கக் கூடாதுன்னு ஒரு அவசரம்.

நானும் அதைத்தான் பண்ணேன். காக்பிட்னா பைலட் உக்காருற அறை; ரெசின்ல வார்த்த அது உள்ள பொருந்தணும்னா கிட் உடம்புக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் மேட்டையெல்லாம் செதுக்கி எடுக்கணும். பார்சல் வந்த அன்னைக்கே ஒட்டிடலாம்னு முன்னாடியே வெட்டிட்டேன். கேனபி கீல் உக்காருற விளிம்பும் அதோட போச்சு.

பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை பார்சல் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா, அந்தக் காக்பிட் வேற கம்பெனி கிட்டுக்குச் செஞ்சது! நம்ம உடம்புல வச்சா ரெண்டு பக்கமும் இடிக்குது, முன்னாடி சந்து தெரியுது.

"சார், பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காமலா ஆர்டர் போட்டீங்க?"

"மிக் தானே? எல்லாம் ஒண்ணுதான். பட்டி வச்சு அடைங்கம்மா. சல்தா ஹை, இதெல்லாம் ஓடும்."

வெட்டின பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமா? வேற கிட் வாங்கலாம்னா இந்தத் தீவுல கடை எங்க இருக்கு? ரெசினை அரம் வச்சு ராவி ராவி உள்ள திணிச்சு, பட்டி வச்சு அடைச்சு, சந்து தெரியாம இருக்கக் கேனபியை மூடி ஒட்டிட்டேன். கீலே இல்லாதப்ப அது திறக்கவா போகுது? அடிப்பக்கம் பித்தளைத் தகடுகளை ஒட்டி, மெட்டல் காலை மாட்டி, மூக்குல பித்தளை பிட்டோவைச் செருகினேன். பிட்டோன்னா ஜெட் மூக்குல ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, காத்து வேகம் அளக்கிற குழாய், அது. கிட்ல வந்தது பென்சில் தடிமன். இது ஊசியேதான். குணசேகர் பத்துப் போட்டோ எடுத்துக்கிட்டார்.

3. பிறந்தநாள்

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு ரெஜினா வீட்டுக்குப் போனோம். குணசேகர் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தார். தேவசகாயம் கட்டில்ல சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அப்பா, உங்க மிக்குப்பா. எந்திரிங்க."

மெதுவா உக்காந்தார். மடியில வச்சோம். ஃபிட்டர் இல்லையா, அவர் கை நேரா மூக்குக்குத்தான் போச்சு. பித்தளை நறுக்குன்னு விரல்ல ஏறிடுச்சு. ரத்தம்.

"என்னட்டி இது, ஊசியா? நிக்கிற ஜெட்டுக்குப் பிட்டோ கவர் மாட்டாம எவன்ட்டி விட்டான்?"

விடாம அடுத்த கையால அடிப்பக்கம் தடவினார். சில்லு சில்லா ஒட்டியிருந்த பித்தளைத் தகடெல்லாம் உதிர்ந்து போர்வையில விழுந்துச்சு. சக்கரக் காலை லேசாத்தான் அழுத்தினார். அந்த மெட்டல் கால் ஈயம் மாதிரி மடங்கிடுச்சு.

"இது என் ஜெட்டு இல்ல. எடுத்துட்டுப் போங்க"ன்னுட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டார். ரெஜினா வாயைப் பொத்திக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டா.

குணசேகர் என்ன சொன்னார் தெரியுமா? "டெலிகேட் பீஸ்ம்மா இது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பார்க்கணும்."

"யாரு பார்க்கிறது? யாரு சார் பார்க்கிறது?" கத்திட்டேன். "கண்ணு இல்லாத மனுஷன்கிட்ட வந்து பெட்டிக்குள்ள வச்சுப் பார்க்கச் சொல்றீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரங்க எட்டிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்னு விட்டுட்டேன்.

4. கிட் பார்ட்

உடைஞ்ச ஜெட்டை என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். பித்தளை எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சேன். கிட்ல மிச்சம் இருந்த தடிமனான பிளாஸ்டிக் கால்களுக்கு உள்ள கம்பி செருகி ஒட்டினேன். கிட் பிட்டோவை முனை மழுங்க ராவி, சிவப்புத் துணியில சின்னதா ஒரு கவர் தைச்சு மாட்டினேன். அப்புறம் ஜெட்டை மேல இருந்து கீழ வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பார்த்தேன். குத்தினதையெல்லாம் ராவினேன். இதை முதல்லயே செஞ்சிருக்கணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை தனியாத்தான் போனேன். தேவசகாயம் முதல்ல தொடவே மாட்டேன்னார். ரெஜினா அவர் கையைப் பிடிச்சு ஜெட் மூக்குல வச்சா. கவர் விரல்ல பட்டுச்சு. அதை விரலால சுத்தி உருட்டிப் பார்த்தார். அப்புறம் கவரைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டார். சக்கரத்தை அழுத்தினார், கால் தாங்குச்சு. இறக்கை, வால், பின்பக்க ஓட்டை எல்லாம் பார்த்துட்டு மேல வந்தார். கேனபி விளிம்புல நகத்தை விட்டு நெம்பினார்.

"தெறக்கலயே."

"திறக்காதுங்கய்யா. கீலை நான் வெட்டிட்டேன்"ன்னேன். அழுகை வந்துடுச்சு.

"காலையில ஏணி போட்டு ஏறி, பைலட்டுக்கு பெல்ட் மாட்டிவிட்டு, நான்தாம்மா இதை மூடுவேன். பதினேழு வருஷம்." கேனபியை ஒரு தட்டுத் தட்டினார். "சரி. மூடியாச்சுன்னா நான் கீழ எறங்கி, பைலட்டுக்குக் கை காட்ட ஜெட்டு முன்னாடி நிக்கணும்லா."

காலைத் தரையில ஊனினார். ரெஜினா பிடிக்கப் போனா, கையைத் தட்டிவிட்டுட்டு எழுந்து நின்னார்.

இப்ப தினம் நிக்கிறாராம், ரெஜினா சொன்னா. கேனபியை நெம்பிப் பார்க்கிறதையும் இன்னும் விடலையாம்.

பிள்ளைங்களா, கிட்டா ஆஃப்டர்மார்க்கெட்டாங்கிறது ரெண்டாவது கேள்வி. யார் கைக்குப் போகப் போகுதுங்கிறதுதான் முதல் கேள்வி. எந்த பார்ட் ஆனாலும் கையில வந்து, அளந்து பார்த்த பிறகு கத்தியை எடுங்க. பித்தளைக்கும் ஈயக்காலுக்கும் குணசேகரை நான் ஆயுசுக்கும் திட்டுவேன். அந்தக் கேனபிக்குத் திட்ட என்னை விட்டா வேற ஆள் இல்ல.