இரும்புத்தூள் பொறுக்கிய காந்தம்

பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் பதினேழு வருஷம் கிளார்க்காக இருந்தவள் தபித்தாள். முடியாது என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 2001இல் தேயிலை விலை படுத்து, ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்தபோது தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் எல்லாம் வேலை தேடித் திருப்பூருக்கு மூட்டை கட்டின. இவளோ ஆபீஸில் ஒதுக்கிப் போட்டிருந்த நான்கு பழைய கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி, கொழுந்து பறிக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வைத்து டைப்பிங் வகுப்பு ஆரம்பித்தாள். வேலை இழந்த பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள்.

வகுப்பைப் பார்வையிட வெள்ளிக்கிழமை அரசு அதிகாரி வருகிறார். மெஷின்கள் ஓடினால் வகுப்புக்கு அனுமதி உண்டு, ஓடாவிட்டால் பதினொரு பேருக்கும் திருப்பூர் பஸ்தான்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் தாமாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மென்பொருள் பதிந்த பழைய பெரிய பிளாப்பித் தகட்டைச் செருகினால்தான் உயிர் வரும். திங்கட்கிழமை பார்த்தால், அடைமழை ஈரத்தில் எல்லா பிளாப்பியிலும் பூஞ்சை!

அதே மென்பொருள் அவளிடம் சின்ன பிளாப்பி ஒன்றில் இருந்தது. ஆபீஸ் கடிதங்கள் பதிந்த பெரிய பிளாப்பிகள் நான்கு, ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் காய்ந்தபடியே கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூடலூருக்குப் போனாள். கம்ப்யூட்டர் கடை லியோவின் மெஷின் இரண்டு வகையையும் படிக்கும். மென்பொருளைப் பெரிய பிளாப்பி நான்கிலும் மாற்றிக்கொண்டு வந்து செருகினாள். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

செவ்வாயன்று மறுபடி பஸ்.

“அக்கா, உங்க பழைய மெஷின் அகலமா எழுதும், என்னோடது மெல்லிசா நடுவுல எழுதுது. பழைய எழுத்து ரெண்டு ஓரத்துலயும் அப்படியே நிக்குதுங்க. உங்க மெஷின் ரெண்டையும் சேத்துப் படிச்சுக் கொழம்புது. எழுதாத புது பிளாப்பி இருந்தா ஆகும்” என்றான் லியோ.

“எங்க கெடைக்கும்?”

“கோயமுத்தூர்லயே வர்றதில்லீங்க. முடியாதுங்க, உட்ருங்க.”

சொல்லக் கூடாத சொல்லைச் சொல்லிவிட்டான். தபித்தாள் பிளாப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வகுப்பில் வீரம்மா காத்திருந்தாள். பதினொரு பேரில் ஒருத்தி, ஃபேக்டரியில் இருபது வருஷம் தேயிலை சலித்தவள். திருப்பூருக்குப் பையும் கட்டி வைத்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “அப்ப பழச ஓரம் விடாம அழிக்கணும். எதால டீச்சரம்மா அழியும்?” என்றாள்.

“காந்தத்தால.”

சொன்ன கையோடு சுவரைப் பார்த்தாள் தபித்தாள். ‘காந்தம் கொண்டு வரக் கூடாது’ என்று முதல் நாளே தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள்.

“எங்க சலிக்கிற கூடத்துல, தூள்ல விழுற இரும்பப் பொறுக்க இம்மாம் பெருசு கெடக்குதே!” என்று வீரம்மா கையை விரித்துக் காட்டினாள்.

ஃபேக்டரிக் காவல்காரர் லிங்கசாமியிடம் கேட்டு, புதன்கிழமை காலையில் இருவரும் அந்தக் காந்தத்தைச் சுமந்து வந்தார்கள். தபித்தாள் நான்கு பிளாப்பிகளின் மேலும் நிதானமாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். இதுவும் போனால் வேறு பிளாப்பி இல்லை. அப்படியும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாம் முறையாகக் கூடலூர் போனாள். லியோ மறுபடியும் மாற்றிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை நான்கு மெஷினும் கரகரவென்று கிளம்பின. அதிகாரி அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, “நல்ல விதி” என்றார்.

“ஆமாங்க” என்றாள் தபித்தாள், முகம் மாறாமல்.

வீரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கட்டி வைத்த பையை அவிழ்த்துச் சேலைகளை மறுபடியும் கொடியில் போட்டாள்.